குட்டி எங்கே படுக்கிறது?

ஐப்பசியின் இரண்டாவது மழையிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "ஏனுங்க, குட்டி நனையுதுங்களே, உள்ளே புடிச்சுக் கட்டீரலாமுங்களா?" என்று குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர் வாசலில் வந்து நிற்பார். "கட்டீருப்பா, இதையெல்லாமா கேட்டுக்கிட்டு நிப்பாங்க" என்று உடனே பதில் போகும். நனைகிற குட்டியைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராதுதான். ஆனாலும் அந்தப் பதில் வருகிற வேகம் உறுத்துகிறது. கூரை இருந்தால் பத்திரம், வானம் தெரிந்தால் ஆபத்து என்று எப்போதோ முடிவுகட்டி வைத்துவிட்டோம். மழைக்காலத்தில் குட்டிகளுக்கு வரும் தொப்புள் சீழ், மூட்டு வீக்கம், கழிச்சல், மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து அதன் வேரைத் தேடிப்போனால், பல தடவை அது கூரைக்குக் கீழேதான் போய் முடிகிறது.

முதலில் அந்தக் 'கட்டு' என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். நம் பக்கத்தில் லாயத்துக்குள் விடுவது என்றாலே கட்டுவதுதான். தாய்க்குத் தலைக்கயிறு, சில இடங்களில் பின்காலுக்கும் ஒரு கயிறு. குட்டி மட்டும் அவிழ்த்த மேனிக்கு. சவாரிக் குதிரைக்கு இது ஓடிவிடும். குட்டி போட்ட குதிரைக்கு ஓடாது. குட்டி அவள் முதுகுக்குப் பின்னால் போனதும் திரும்பிப் பார்க்க முடியாமல் இழுப்பாள், உதைப்பாள். ஓடு ஒழுகினால் ஓரடி தள்ளி நிற்க முடியாது. தொங்குகிற கயிற்றுக்குள் குட்டி கால் விட்டுக்கொள்ளும். ஆகவே உள்ளே விடுவதாக இருந்தால் கயிறில்லாமல் விடுவதற்கு இடம் இருக்கிறதா என்பது முதல் கணக்கு. தனிக் குதிரைக்கு 12-க்கு 12 அடி போதும். தாயும் குட்டியும் என்றால் 12-க்கு 16 அடி வேண்டும், இல்லையென்றால் 14-க்கு 14. பத்தடி அறையில் தாய் படுக்கும்போதும் எழும்போதும் குட்டியைச் சுவரோடு வைத்து நசுக்கிவிடலாம். அந்த அளவு அறை இல்லாதவருக்கு 'உள்ளேயா வெளியேயா' என்ற கேள்வியே இல்லை. முதலில் இடம் பண்ண வேண்டும்.

மேலிருந்து விழுவது, கீழே தேங்குவது

வெளிநாட்டு வீடியோக்களில் மழையும் பனியும் ஒன்றாகவே பேசப்படும். அங்கே பயம் குளிர். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ கார்த்திகை மாத ராத்திரி பெரும்பாலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வளர்ந்த குதிரைக்கு அது குளிரே இல்லை. காற்றுக்குப் புட்டத்தைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, மழையிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். மூன்று வாரம் தாண்டிய, நன்றாகப் பால் குடிக்கிற குட்டியும் தாயின் மறைவில் நின்று சமாளித்துவிடும். ஊட்டி, கோத்தகிரி கதை வேறு. சாரலும் காற்றும் 10 டிகிரிக் குளிரும் சேர்ந்தால் இளங்குட்டியை ராத்திரி வெளியே விட முடியாது. இங்கே சொல்வதெல்லாம் சமவெளிக்கு.

சமவெளியில் குட்டியைக் கெடுப்பது தலைமேல் விழுகிற மழையைவிட வயிற்றுக்கடியில் தேங்குகிற ஈரம். வளர்ந்த குதிரை நின்றுகொண்டே கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் படுக்கும். குட்டி அப்படியில்லை. முதல் சில வாரங்களில் நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் படுத்தே கிடக்கும். ஐந்து நிமிடம் குடிக்கும், பத்து நிமிடம் துள்ளும், பிறகு கால்களை நீட்டிப் பக்கவாட்டில் சரிந்துவிடும். அது சரிகிற இடம் சகதியானால் உடம்புச் சூட்டை மண் உறிஞ்சும்; காயாத தொப்புள் லத்தி கலந்த நீரில் ஊறும். தொப்புள் வழியாக ஏறும் கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டில் போய் உட்கார்ந்தால் முழங்கால் வீங்கும், குட்டி நொண்டும். ஐந்து நாள் குட்டி நொண்டினால் 'தாய் மிதிச்சிருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். அதில் இழக்கிற ஒரு நாளில் மூட்டுக் குருத்தெலும்பு கெட்டுப்போகும். இளங்குட்டி நொண்டினால் வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அது மூட்டுச்சீழ்தான் என்று வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஆகவே மண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) செம்மண் சரளை, மழை விட்டு ஒரு மணி நேரத்தில் காலில் ஒட்டாது. வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியுமாக இருக்கிற அந்தக் காட்டில் குட்டி எங்கே வேண்டுமானாலும் படுக்கும். கிளுவை உயிர்வேலி என்பதால், இடிக்கு மிரண்டு குட்டி அதில் மோதினாலும் முள்கம்பி மாதிரி மார்பைக் கிழிக்காது. அதே மழை கரிசலில் பெய்தால் இரண்டு நாளைக்குக் குளம்பில் உருண்டை கட்டும். ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி வைக்க வேண்டும். பிறந்தபோதே பின்கால் கணுக்கால் தளர்ந்து தாழ்ந்திருக்கிற குட்டிக்கு அது வதை. செம்மண் காட்டுக்காரர் வெளியே விட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்துக் கரிசல் காட்டுக்காரரும் விட்டால், பலன் ஒன்றாக இருக்காது.

இதைச் சொல்லும்போது கோடியக்கரையை இழுப்பவர்கள் உண்டு. அங்கே சரணாலயத்தில் திரியும் குதிரைகளுக்கு யார் லாயம் கட்டினார்கள், வடகிழக்குப் பருவமழை மொத்தமும் அங்கேதானே கொட்டுகிறது, அவை குட்டி போட்டு வளர்க்கவில்லையா என்பார்கள். வளர்க்கின்றன. ஆனால் அங்கே மணல்மேடு இருக்கிறது. எங்கே ஏறி நிற்பது என்று குதிரையே தேர்ந்துகொள்ள வழி இருக்கிறது. பிழைக்காத குட்டியை நாம் பார்ப்பதும் இல்லை. ஒன்றரை ஏக்கரை நான்கு பக்கமும் அடைத்து, அதில் பாதி பள்ளமாக வைத்துக்கொண்டு 'இயற்கை' என்று பேசுவதில் அர்த்தமில்லை.

முதல் பத்து நாள்

வயதுதான் இரண்டாவது கணக்கு. பிறந்த குட்டி பனிக்குட நீரில் நனைந்தபடிதான் வருகிறது. மேலே மழை வேறு வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். சேற்றில் சறுக்கிச் சறுக்கி விழுகிற குட்டி மடியைத் தேடுவதற்குள் களைத்துவிடும். சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளைக் குடல் உள்ளே விடுவது முதல் 24 மணி நேரம் மட்டும்; அதிலும் முதல் ஆறு, எட்டு மணி நேரம் முக்கியம். அந்தப் பொழுதுக்குள் ஒரு லிட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். ஆகவே முதல் ஒரு நாள், அறை சுத்தமாக இருக்கும் பட்சத்தில், உள்ளேதான். தொப்புளை 0.5 சதவீத குளோர்ஹெக்சிடினில் நாளுக்கு இரண்டு, மூன்று தடவை என்று மூன்று நாள் முக்க வேண்டும். கடையில் 2 சதவீதக் கரைசல் கிடைத்தால் 25 மில்லிக்கு 75 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர். காட்டமான 7 சதவீத அயோடினை ஊற்றினால் தொப்புளைச் சுற்றிய தோல் வெந்து, அந்தப் புண்ணே கிருமிக்கு வாசலாகிவிடும்.

இங்கே ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. பதினொரு மாதமும் காட்டிலேயே இருந்த சினைக்குதிரையை, மழை வந்துவிட்டது என்று கடைசி நாளில் லாயத்துக்குள் கொண்டுவருவது. குட்டி எந்த இடத்தில் பிறக்கப்போகிறதோ அந்த இடத்துக் கிருமிகளோடு தாய் மூன்று, நான்கு வாரமாவது பழகியிருந்தால்தான் அவற்றுக்கான எதிர்ப்பு சீம்பாலில் சேரும். முந்தின நாள் மாற்றினால் அந்தக் காவல் இல்லை. டெட்டனஸ் ஊசியும் ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போட வேண்டியது. ஆக, ஐப்பசியில் ஈனப்போகும் குதிரைக்கு இந்த முடிவைப் புரட்டாசியிலேயே எடுத்தாக வேண்டும். வானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு அதற்கு உதவாது.

இரண்டாம் நாளிலிருந்து மழை விட்ட இடைவெளியில் அரை மணி நேரமாவது வெளியே விட வேண்டும். சின்ன அடைப்பு போதும், தரை உறுதியாக இருந்தால் சரி. குட்டியின் தசைநாரும் எலும்பும் ஓடித்தான் இறுகும். நெதர்லாந்தில் 1990-களின் கடைசியில் 43 குட்டிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை அறையிலேயே, ஒன்றை அறையில் வைத்து தினம் கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட்டு, ஒன்றைப் புல்வெளியில் என்று ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். அறையிலேயே கிடந்தவற்றுக்கு எலும்பும் குருத்தெலும்பும் பின்தங்கின. அறையிலிருந்து கொண்டுவந்து விரட்டி ஓடவிட்டதும் நல்ல மாற்றாக இல்லை. தானாக மேய்ந்து, நின்று, ஓடி வளர்ந்தவைதான் தேறின. மழைக்காலம் முழுக்க அடைத்து வைத்துவிட்டுத் தை மாதம் மொத்தமாக ஓடவிடலாம் என்பவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

ஆறாவது நாளிலிருந்து இரண்டு வாரம்வரை குட்டிக்குக் கழிச்சல் வரும். தாய் மறுபடி சூட்டுக்கு வருகிற சமயமும் அதுவே என்பதால் இரண்டையும் முடிச்சுப்போட்டு, மழையில் நனைந்ததால் வந்தது என்று மூன்றாவது முடிச்சையும் போட்டுவிடுவார்கள். குட்டி துருதுருவென்று பால் குடித்துக்கொண்டிருந்தால் புட்டத்தைக் கழுவித் துடைத்து வாஸ்லின் தடவினால் போதும். காய்ச்சல் இருந்தாலோ, குடிப்பதை விட்டாலோ அது வேறு. அடைசலான லாயத்தில் ரோட்டா வைரஸ் ஒரு குட்டியிலிருந்து எல்லாக் குட்டிக்கும் இரண்டே நாளில் போகும்.

ராத்திரி ஏழு மணி

இரண்டாவது நாள் மழை, சாயங்காலம் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது. குட்டிக்கு எட்டு நாள். இந்தப் பொழுதுதான் உண்மையான தேர்வு. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளி நின்று பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கிட்டே போனதும் குட்டி மிரண்டு எழுந்துவிடும், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

முதலில் தாயின் மடி. குட்டி முதல் வாரத்தில் மணிக்கு ஐந்து, ஆறு தடவை குடிக்கும். ஆகவே மடி எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். மடி விண்ணென்று இறுகி, காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தால் குட்டி குடிக்கவில்லை என்று அர்த்தம். குட்டியின் நெற்றியில் பால் வழிந்து காய்ந்திருந்தாலும் அதே கதை. மடிக்குக் கீழே போய் நிற்கிறது, வாய் வைக்கவில்லை. குட்டி சோர்ந்துபோவதற்குச் சில மணி நேரம் முன்பே மடி சொல்லிவிடும்.

அடுத்து முதுகு ரோமம். கிட்டே போய் விரலால் வகிர்ந்து பார்த்தால், மேலே நனைந்து ஊசி ஊசியாக ஒட்டியிருந்தும் அடியில் தோல் காய்ந்து சூடாக இருந்தால் கவலையில்லை. தோல்வரை நனைந்து, தொட்டால் ஜில்லென்று இருந்து, தொடை நடுங்கினால் உடனே உள்ளே. வாய்க்குள் விரலை விட்டால் வெதுவெதுப்பாக, உறிஞ்சி இழுக்க வேண்டும். வாய் குளிர்ந்து, உறிஞ்சலும் இல்லையென்றால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 99-லிருந்து 102 பாரன்ஹீட் சரி. 99-க்குக் கீழே போன குட்டிக்கு அவசரப்பட்டு வாயில் பால் ஊற்றக்கூடாது. உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கு ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போகும். துணியால் துடைத்துச் சூடேற்றிக்கொண்டே மருத்துவருக்குப் போன் பண்ண வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு விஷயம் தவறிப்போகும். மடி தளர்வாக இருக்கிறது, தோல் காய்ந்திருக்கிறது, நடுக்கம் இல்லை. குட்டி தாய்க்குப் பக்கத்தில் சமர்த்தாக நிற்கிறது. 'நல்லாத்தான் நிக்குது' என்று திரும்பிவிடுகிறோம். நிற்பதுதான் கோளாறு. எட்டு நாள் குட்டி ராத்திரி ஏழு மணிக்கு அரை மணி நேரமாகத் தலையைத் தொங்கப்போட்டுக் கால் மாற்றி மாற்றி நின்றபடி கண்ணயர்கிறது என்றால், அதற்குப் படுக்க இடம் கிடைக்கவில்லை. சில சமயம் முன்காலை மடக்கி, மண்ணை மோந்து, பாதி இறங்கி, மறுபடி எழுந்துவிடும். இதை இரண்டு தடவை பார்த்துவிட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், உள்ளே கொண்டுபோக வேண்டியதுதான். மழை நின்றிருந்தாலும் கொண்டுபோக வேண்டும். எதிர்மாறாக, தூறலுக்கு நடுவில் ஒரு மேட்டில் நீட்டிப் படுத்து, காது மட்டும் துடித்துக்கொண்டு தூங்குகிற குட்டியை எழுப்பி உள்ளே இழுப்பது வீண் வேலை.

இடி மின்னல் இதில் சேராது. ஐப்பசி மழை சாயங்காலத்தில் இடியோடுதான் வரும். தனிப் பனைமரம், புளியமரம், கம்பி வேலி இவற்றின் ஓரம் குதிரை ஒண்டுகிற காடாக இருந்தால் மேகம் கறுக்கும்போதே உள்ளே விட்டுவிட வேண்டும். கடலோரத்தில் புயல் எச்சரிக்கை என்றால் கணக்கு தலைகீழ். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது தென்னைகள் எப்படிச் சாய்ந்தன, தகரங்கள் எப்படிப் பறந்தன என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் கண்ட தகரக் கொட்டகையைவிட, மரமில்லாத மேட்டுத் திடல் அன்றைக்கு மேல்.

நான்கு பக்கமும் தார்ப்பாய்

உள்ளே விடுவதென்று முடிவானதும் செய்கிற முதல் காரியம் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவது. அன்பினால் செய்வதுதான், ஆனால் குட்டியின் நுரையீரலுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் அதிகமில்லை. 350 கிலோ எடையுள்ள தாய் நாளுக்கு 15 கிலோவுக்கு மேல் லத்தி போடும், ஏழெட்டு லிட்டர் மூத்திரம் பெய்யும். பால் கொடுக்கிற குதிரை தண்ணீர் அதிகம் குடிப்பதால் மூத்திரம் கூடவும் செய்யும். மூன்று நாள் அடைமழை என்றால் அந்த ஓர் அறையில் 45 கிலோ லத்தியும் 20 லிட்டருக்கு மேல் மூத்திரமும். வைக்கோலில் ஊறிய மூத்திரத்திலிருந்து அமோனியா தரையில்தான் கிளம்பும். நின்றபடி மூக்கை உறிஞ்சிப் பார்த்து 'ஒண்ணும் வாடை இல்லையே' என்பவர், குட்டி படுக்கிற உயரத்தில் இரண்டு நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண் எரிந்தால், குட்டிக்கு அந்தக் காற்றுதான் ராத்திரி முழுக்க. மூச்சுக்குழாயில் கிருமியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களை அமோனியா செயலிழக்க வைக்கும். ஒன்று முதல் ஆறு மாதக் குட்டிகளைப் பிடிக்கும் ரோடோகாக்கஸ் நிமோனியாவும் தூசி வழியாக மூச்சில் ஏறுவதே. மழையில் நனைந்து வருவதில்லை.

தார்ப்பாய் காற்றடிக்கும் பக்கம் மட்டும் போதும். அதிலும் கூரைக்குக் கீழே இரண்டடி திறந்திருக்க வேண்டும். குதிரையின் முதுகுக்கு மேலே காற்று ஓடலாம், குட்டி படுக்கும் உயரத்தில் வீசக்கூடாது. ஒரு மின்விசிறி இருந்தால் ஈரமும் காயும். காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லாத சின்னக் கொசுக்களும் ஒதுங்கும். தரை வெளிமண்ணைவிட ஓரடி உயரமாக, ஐந்தடிக்கு ஓரங்குலம் சரிவாக இருக்க வேண்டும். வழவழ சிமெண்டுத் தரையில் குட்டி கால் பரப்பி விழும். அதற்கு மேல் ரப்பர் பாயோ கெட்டித்த மண்ணோ வேண்டும்.

படுக்கைக்கு நெல் வைக்கோல் எட்டு, பத்து அங்குலம். தினம் காலையில் நனைந்ததை மட்டும் அல்ல, அதற்கடியில் இருப்பதையும் எடுத்துவிட்டு, தரையை ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, புதிதாக எட்டுப் பத்து கிலோ போட வேண்டும். மேலே மட்டும் புது வைக்கோலைத் தூவி அழகு பார்ப்பதுதான் அடியில் ஊறலை வளர்க்கும். பொள்ளாச்சிப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று தென்னை நார்க்கழிவைப் போடுகிறார்கள். ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் இழுத்ததை விடாது, காய்ந்தால் தூசி. உமியும் மரத்தூளும் ஈன்ற அன்றைக்கு ஆகவே ஆகாது. நனைந்த குட்டியின் மூக்கிலும் தாயின் மடியிலும் ஒட்டிக்கொள்ளும். கடலைப் பொட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தாய் அதைத் தின்னவும் தின்னும். வைக்கோலையே போரடித்துப் போய்த் தாய் அள்ளித் தின்றால் குடலடைத்து வயிற்றுவலி வரும். ஆகவே அடைத்திருக்கிற நாளில் தீவனம் தீராமல் இருக்க வேண்டும், கொள்ளைத்தான் குறைக்க வேண்டும். வெளியே நடமாட்டம் நின்ற அன்றைக்கும் அதே அளவு கொள்ளும் தவிடும் வைப்பது, ஈன்ற மூன்று மாதத்துக்குள் இருக்கிற குதிரைக்குப் பெருங்குடல் முறுக்கிக்கொள்ளும் ஆபத்தைத் தேடிப்போவது. ஈடுகட்டக் காய்ந்த குதிரைமசால் நல்லது. பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு அதை மாட்டுக்கு மட்டும் போடுகிற ஊர் நமது. மழையில் தளதளவென்று வளர்ந்த கோ-4 புல்லும் கோதுமைத் தவிடும் மட்டுமே போட்டால், புல்லில் உள்ள ஆக்ஸலேட்டும் தவிட்டின் பாஸ்பரசும் சேர்ந்து பால் கொடுக்கிற தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைக்கும். அறுத்த சோளத்தட்டை மழைக்குத் துளிர்த்து நிற்கிற காட்டில் மேயவிடவே கூடாது, சினைக்குதிரையை அந்தப் பக்கமே காட்டக்கூடாது.

கொட்டகை ஒன்றுதான், தாய்-குட்டி ஜோடி மூன்று என்றால் மழையைவிட உதைக்குத்தான் பயப்பட வேண்டும். கூட்டத்தில் அதிகாரம் பண்ணுகிறவள் வாசலை மறித்து நிற்பாள். மற்றவளின் குட்டி அவளைத் தாண்டி ஓடும்போது விழும் உதை. ஒரு பக்கம் முழுக்கத் திறந்த கொட்டகை, அல்லது இரண்டு வாசல். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிவந்த குதிரையைத் தனியாக வைத்திருப்பவர்கள், நடுவில் மழை வந்தது என்று எல்லாவற்றோடும் ஒரே கூரையில் சேர்த்துவிடுவதும் நடக்கிறது. மூன்று வாரம் தனிமை என்றால் மூன்று வாரம். தாடைக்கடியில் கட்டி வந்து சீழ் ஒழுகுகிற ஸ்ட்ராங்கில்ஸ் குட்டிகளுக்குப் பரவ ஒரே தண்ணீர்த்தொட்டி போதும்.

மேடு

இத்தனையும் யோசித்தால் உள்ளே, வெளியே என்ற இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பது தெரியும். பெரிய செலவில்லை. காட்டிலேயே உயரமான மூலையில் 20-க்கு 24 அடி, இரண்டடி உயரத்துக்குச் சரளை கொட்டி இறுக்க வேண்டும். அதன்மேல் நான்கு அங்குலம் கிரஷர் தூள், மேலே மூன்று அங்குலம் மணல். சுற்றிலும் ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டிப் பள்ளத்துக்கு வழிவிட வேண்டும். மேலே கூரை, 12 அடி உயரம் இருந்தால் வெக்கை தங்காது. தகரமானால் கனமழைச் சத்தத்தில் குதிரை முதல் நாள் உள்ளேயே வராது, கீற்று வேய்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. பருவமழைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்கள் வடக்கும் மேற்கும் மறைத்துத் தெற்கைத் திறந்து வைத்தால் இரண்டுக்கும் சரியாக இருக்கும். தீவனத்தை மணலில் கொட்டக்கூடாது, தொட்டியில் வைக்க வேண்டும். மணல் வயிற்றில் படிந்தால் வலி எடுக்கும். மேட்டைக் கட்டிவிட்டுக் குதிரையைக் கட்டாமல் விட்டால், எப்போது உள்ளே எப்போது வெளியே என்பதைத் தாயே பார்த்துக்கொள்வாள். பலமான மழைக்கும் வெளியே நின்றுவிட்டு, நடுப்பகலில் ஈக்கு மட்டும் உள்ளே வந்து நம்மை முட்டாளாக்குவதும் உண்டு.

மேடு இருந்தாலும் பள்ளத்தை அடைக்க வேண்டும். சுத்தமான தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டுக் குட்டைத் தண்ணீரைக் குடிப்பது குதிரைக்குப் பிடித்த பழக்கம். எலியும் நாயும் மாடும் மூத்திரம் பெய்த தேக்கத்தில் லெப்டோஸ்பைரா கிருமி இருந்தால், நிறைமாதத்தில் சினை கலைந்துவிடலாம். சேறு காய்ந்த பிறகு குளம்பின் அடியிலுள்ள முக்கோண மென்பகுதியைத் தினம் கொக்கியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். கறுப்பாக, நாறுகிற கசிவு இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. நுக்ரா மாதிரி வெளிர்தோல் குதிரைகளுக்கும் வெள்ளைக்கால் குதிரைகளுக்கும் கணுக்காலில் பொருக்கு சீக்கிரம் வரும். அதற்கு நாளுக்கு மூன்று தடவை காலைக் கழுவுவது நோயை வளர்ப்பது. சேறு காய்ந்தபின் தூரிகையால் தட்டி உதிர்ப்பதே போதும்.

திறந்துவிடும் காலை

மூன்று நாள் அடைத்துவைத்த குட்டியை வெயில் வந்த சந்தோஷத்தில் அப்படியே பெரிய காட்டுக்குள் திறந்துவிடுவதில்தான் கால் முறிகிறது. அதற்கு மூன்று நாள் ஓட்டம் பாக்கி இருக்கும், தரையோ இன்னும் வழுக்கும். தாயைக் கயிற்றில் பிடித்து முதலில் சின்ன அடைப்பில் ஐந்து நிமிடம் நடத்த வேண்டும். குட்டி சுற்றிச்சுற்றி வட்டம் போட்டுக் களைத்ததும் அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம். பெரிய காடு மறுநாள். கொள்ளின் அளவை மூன்று, நான்கு நாளில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். மழை விட்ட இரண்டு வாரத்துக்குப் பெரிய கடி ஈக்கள் கிளம்பும், அவை சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் அடிவயிற்று வீக்கத்தையும் தாயிடம் பார்த்தால் ரத்தப் பரிசோதனை. காலை, மாலை தெர்மாமீட்டர் வைத்து ஒரு நோட்டில் எழுதுவது அந்த இரண்டு வாரத்துக்கு மிகவும் உதவும்.

லாயத்திலிருந்து வாரிய வைக்கோலை மேட்டுக்குப் பக்கத்தில் குவிக்கக்கூடாது. குட்டிகளைப் பிடிக்கும் உருளைப்புழுவின் முட்டை அதில் மாதக்கணக்கில் கிடக்கும், வைக்கோல் போரில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தூரமாகக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டு மூடிவிட்டு, திரும்பி வரும்போது மேட்டைப் பார்க்கலாம். மணலில் நீளமாக, ஒரு பக்கம் தோளும் இடுப்பும் பதிந்த குட்டி அச்சு ஒன்று இருக்க வேண்டும். அதில் கையை வைத்தால் காய்ந்திருக்க வேண்டும். அச்சே இல்லையென்றால், அன்று ராத்திரியும் டார்ச்சோடு போய் நிற்க வேண்டியிருக்கும்.